விலை, மதிப்பு, இடைவெளி: பங்கு வாங்குவதற்கு முன் வகுத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

பங்கு ஒன்றின் விலை சந்தை நேரத்தில் நொடிக்கு நொடி மாறினாலும், அந்தப் பங்குக்குப் பின்னால் இயங்கும் தொழிலின் மதிப்பு அந்த வேகத்தில் மாறுவதில்லை என்பதே மதிப்பு முதலீட்டின் அடித்தளம். விலை என்பது வாங்குபவரும் விற்பவரும் அந்தக் கணத்தில் உடன்பட்ட தொகை. மதிப்பு என்பது, அந்த நிறுவனம் வருங்காலத்தில் தன் உரிமையாளர்களுக்கு ஈட்டித்தரக்கூடிய பணம் முழுவதையும், காத்திருப்புக்கான வட்டியைக் கழித்து, இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் தொகை. இதனை உள்ளார்ந்த மதிப்பு என்பர். நீண்ட காலத்தில் இவை இரண்டும் நெருங்கி வரும் என்றாலும், குறுகிய காலத்தில் செய்தி, வதந்தி, வட்டி விகித மாற்றம், வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் விற்பனை எனப் பல காரணங்களால் விலை மதிப்பைவிட்டு வெகுதூரம் விலகிச் செல்லும். அந்த விலகலைக் கண்டறிவது, மதிப்பைவிடப் போதிய அளவு குறைந்த விலையில் மட்டுமே வாங்குவது, வாங்கியபின் விலையின் ஆட்டத்துக்கு ஆட்படாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே மதிப்பு முதலீடு. முதலாவதற்கு ஓரளவு கணக்கறிவு போதும்; மற்ற இரண்டுக்கும் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட ஒழுங்கு தேவை.

கோட்பாடு பிறந்த சூழல்

இம்முறைக்கு வடிவம் கொடுத்தவர், 1894-இல் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த பெஞ்சமின் கிரகாம். 1929 செப்டம்பர் 3 அன்று 381 புள்ளிகளில் முடிந்த டோ ஜோன்ஸ் குறியீட்டெண், 1932 ஜூலை 8 அன்று 41 புள்ளிகளுக்கு இறங்கியது. பழைய உச்சத்தை அது மீண்டும் எட்ட 1954 நவம்பர் வரை ஆயிற்று. கிரகாம் நிர்வகித்த நிதியும் அந்த வீழ்ச்சியில் பெரும்பகுதியை இழந்தது. அந்தப் பட்டறிவுக்குப் பின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தம்முடன் பணியாற்றிய டேவிட் டாடுடன் சேர்ந்து அவர் 1934-இல் வெளியிட்ட 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற நூல், ஆய்வு, முதலின் பாதுகாப்பு, போதுமான வருவாய் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் அதை ஊகவணிகம் என்றே வகைப்படுத்தியது.

பொது வாசகர்களுக்காக 1949-இல் அவர் எழுதிய 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூல், இன்றும் இத்துறையின் தூண்களாக இருக்கும் இரண்டு கருத்துகளை முன்வைத்தது. முதலாவது, சந்தையை மனநிலை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தொழில் கூட்டாளியாகப் பார்ப்பது. அந்தக் கூட்டாளி நாள்தோறும் வந்து ஒரு விலை சொல்வார். உற்சாகமாக இருக்கும் நாளில் மிக அதிகமாகவும், சோர்ந்திருக்கும் நாளில் மிகக் குறைவாகவும் சொல்வார். அவர் சொன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இரண்டாவது, பாதுகாப்பு விளிம்பு. கணித்த மதிப்புக்கும் வாங்கும் விலைக்கும் இடையே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளியே இது. கணிப்பு ஓரளவு தவறினாலும் முதல் அழியாமல் காப்பது இந்த இடைவெளிதான்.

இந்த இடைவெளியின் தேவையை நட்டத்தின் கணக்கே உணர்த்திவிடும். நூறு ரூபாய் ஐம்பதாகக் குறைந்தால் நட்டம் 50 சதவீதம். ஆனால் ஐம்பது மீண்டும் நூறாக 100 சதவீத லாபம் தேவை. 80 சதவீத நட்டத்தை ஈடுகட்ட 400 சதவீத லாபம் வேண்டும். எனவே பெரிய நட்டத்தைத் தவிர்ப்பதை முதல் வேலையாகவும், பெரிய லாபத்தைத் தேடுவதை அடுத்த வேலையாகவும் வைப்பது அச்சத்தால் வந்த பழக்கமன்று, கணக்கால் வந்த வரிசையாகும்.

மதிப்பைக் கணித்தல்: ஓர் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும், கடனில்லாத கற்பனை நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் மொத்தப் பங்குகள் 2 கோடி. பங்கின் சந்தை விலை 300 ரூபாய். ஆகவே சந்தை மதிப்பு 600 கோடி ரூபாய். கடந்த ஐந்து ஆண்டுகளின் நிகர லாபம் முறையே 32, 41, 28, 44, 55 கோடி ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பி.இ. விகிதம் எனப்படும் விலை-வருவாய் விகிதத்தை, அதாவது ஒரு பங்கு ஈட்டும் லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கேட்கப்படுகிறது என்பதை. கடைசி ஆண்டில் பங்கு ஒன்றுக்கான லாபம் 27.50 ரூபாய் என்பதால் இவ்விகிதம் 11-க்கும் குறைவு. பங்கு மலிவாகத் தோன்றும். ஆனால் மழையையும் விவசாயிகளின் கைப்பணத்தையும் நம்பியுள்ள தொழிலில் ஒரு நல்ல ஆண்டை வைத்து முடிவுக்கு வருவது சரியாகாது. ஐந்து ஆண்டுச் சராசரி லாபம் 40 கோடி, பங்குக்கு 20 ரூபாய். அந்தக் கணக்கில் விகிதம் 15. தற்காப்பு முதலீட்டாளருக்குக் கிரகாம் வகுத்த உச்சவரம்பும், கடைசி மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தின் 15 மடங்குதான். சர்க்கரை, சிமென்ட், ஸ்டீல் போன்ற ஏற்ற இறக்கம் மிகுந்த தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. விகிதம் மிகக் குறைவாகத் தெரியும் என்பதால், சராசரி எடுக்காமல் வாங்குபவர் பெரும்பாலும் உச்சத்தில்தான் வாங்குகிறார்.

அடுத்த படி, லாபத்திலிருந்து பணத்துக்குச் செல்வது. லாபம் என்பது கணக்கியல் விதிகளின்படி எழுதப்படும் எண். கைக்கு வந்த பணம் வேறு. தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணத்தில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் ஆகும் மூலதனச் செலவைக் கழித்தால் எஞ்சுவதே தடையற்ற பணப்புழக்கம். இந்த நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளில் தொழிலிலிருந்து வந்த பணம் 230 கோடி, மூலதனச் செலவு 60 கோடி எனில், எஞ்சியது 170 கோடி. ஆண்டுக்கு 34 கோடி.

இனி மதிப்பைக் கணிக்கலாம். அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் தடையற்ற பணத்தை, முதலீட்டாளர் வேண்டும் வருவாய் விகிதத்திலிருந்து நிலையான வளர்ச்சி விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுப்பது எளிய வாய்பாடு. வேண்டும் வருவாய் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வளர்ச்சி 4 சதவீதமாக இருக்கும்போது பங்கின் மதிப்பு 221 ரூபாய். 5 சதவீதமாக இருக்கும்போது 255 ரூபாய். 6 சதவீதமாக இருக்கும்போது ஏறத்தாழ 300 ரூபாய். வளர்ச்சி பற்றிய ஊகம் ஒரு புள்ளி மாறினாலே மதிப்பு 30 முதல் 45 ரூபாய் வரை மாறுகிறது. ஆகவே மதிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்வது பொய்யான துல்லியம். 221 முதல் 300 வரையிலான வரம்பாகச் சொல்வதே நேர்மை.

இந்த வரம்பு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. இன்றைய விலையான 300 ரூபாய்க்கு வாங்குபவர், அந்த நிறுவனம் காலமெல்லாம் 6 சதவீதம் வளரும் என்று தாம் அறியாமலேயே பந்தயம் கட்டுகிறார். நடுவான 255 ரூபாயை மதிப்பாகக் கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பாதுகாப்பு விளிம்பாக விட்டால், வாங்கும் விலை 170 ரூபாய். அந்த விலை வரும்வரை நிறுவனத்தைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். வராமலே போனால் நட்டம் ஏதுமில்லை. தொழில் நிலையானதாகவும் கணிப்பதற்கு எளிதாகவும் இருந்தால் விளிம்பைச் சற்றுக் குறைக்கலாம். கடனும் ஏற்ற இறக்கமும் மிகுந்திருந்தால் கூட்ட வேண்டும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தப் பணப்புழக்க முறை பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் புத்தக மதிப்பையும் வாராக்கடன் விகிதத்தையும் முதன்மையாகப் பார்ப்பதே வழக்கம்.

எண்களுக்குப் பின்னால்

கணக்கே பொய்யானால் கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பங்கு அன்றே தன் விலையில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது. கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்பே எச்சரிக்கைகள் வெளிவந்திருந்தன: 2008 டிசம்பரில், தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்து, முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது, புரமோட்டர்கள் எனப்படும் நிறுவன உரிமைக் குடும்பத்தினரின் பங்குகள் அடமானத்தில் இருந்த செய்தியும் அந்த மாதமே வெளியாயிற்று. அடமானம் வைத்த பங்குகளைப் புரமோட்டர்கள் வெளிப்படுத்துவதை, பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கட்டாயமாக்கியது இதன் பிறகுதான்.

இந்த நிகழ்வு கற்பிக்கும் பாடம் யாரையும் நம்பக்கூடாது என்பதன்று. எதை எங்கே சரிபார்க்க வேண்டும் என்பதே. ஆண்டறிக்கையைக் கையில் எடுப்பவர் தலைவரின் உரையிலும் வண்ணப் படங்களிலும் தொடங்காமல், தணிக்கையாளர் அறிக்கை, கணக்குகளுக்கான குறிப்புகள், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்ற வரிசையில் படிப்பது நல்லது. ஐந்து ஆண்டு நிகர லாபத்தையும் அதே ஐந்து ஆண்டுகளில் தொழிலிலிருந்து வந்த பணத்தையும் அருகருகே எழுதி, இரண்டாவது தொடர்ந்து முதலாவதைவிடக் குறைவாக இருந்தால் காரணம் தேட வேண்டும். விற்பனையைவிட வேகமாக வாடிக்கையாளர்களின் பாக்கி வளர்கிறதா, ரொக்கம் ஏராளமாக இருந்தும் நிறுவனம் வட்டிக்குக் கடன் வாங்குகிறதா, தணிக்கையாளர் பதவிக்காலம் முடியுமுன்பே விலகினாரா, கணக்கில் ஏற்றப்படாத சாத்தியப் பொறுப்புகள் நிகர மதிப்போடு ஒப்பிட எவ்வளவு என்பவையும் அவ்வாறே. புரமோட்டர்களின் பங்கிருப்பும் அடமானமும் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாக வெளியிடப்படுகின்றன. விளக்கம் கிடைக்காத ஒரு கேள்வி எஞ்சினாலும் அந்தப் பங்கை ஒதுக்கிவிடுவதே முறை.

மலிவு மட்டும் போதுமா?

கிரகாமின் மாணவரான வாரன் பஃபெட், பெர்க்ஷயர் ஹாத்வே என்ற நியூ இங்கிலாந்து ஜவுளி ஆலையின் பங்குகளை அதன் நடைமுறை மூலதனத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்ததால் வாங்கி, 1965-இல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார். புள்ளிவிவரப்படி அது மலிவு. ஆனால் தொழில் நலிந்துகொண்டிருந்தது. மேலும் மேலும் பணம் விழுங்கிய ஜவுளிப் பிரிவு இறுதியில் 1985-இல் மூடப்பட்டது. இதற்கு மாறாக, தம் தொழில் கூட்டாளி சார்லி மங்கரின் செல்வாக்கால் அவர் 1972-இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கிய கலிஃபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ் மிட்டாய் நிறுவனம், புத்தக மதிப்பின் அடிப்படையில் மலிவாக இல்லை. ஆயினும் வாடிக்கையாளர்களின் விசுவாசத்தால் ஆண்டுதோறும் விலையை உயர்த்த முடிந்ததாலும், வளர்ச்சிக்குப் பெரிய மூலதனம் தேவைப்படாததாலும், அது ஈட்டிய உபரிப் பணம் பிற முதலீடுகளுக்கு ஊற்றாக அமைந்தது.

மலிவாகத் தோன்றி மலிவாகவே கிடக்கும் பங்கை மதிப்புப் பொறி என்பர். அதில் சிக்காமலிருக்க, ஈடுபடுத்திய மூலதனத்தின் மீது நிறுவனம் ஈட்டும் வருவாய் விகிதத்தைப் பத்து ஆண்டுகளுக்காவது பார்க்க வேண்டும். அந்த விகிதம் தொடர்ந்து கடன் வட்டியைவிடக் குறைவாக இருக்கும் நிறுவனம் வளர வளர உரிமையாளரின் செல்வத்தைக் கரைக்கிறது. அதே வேளையில், சிறந்த நிறுவனம் என்பதற்காக எந்த விலையும் கொடுக்கலாம் என்பதும் பிழையே. 2000 மார்ச்சில் 5,048 புள்ளிகளைத் தொட்ட நாஸ்டாக் குறியீட்டெண் 2002 அக்டோபரில் 1,114-க்கு வீழ்ந்தபோது, நல்ல லாபத்தில் இயங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களின் பங்குகளை உச்ச விலையில் வாங்கியோரும் தப்பவில்லை. தரம் விலைக்கு மாற்றாகாது. இரண்டும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

எழுதிவைக்கும் ஒழுங்கு

ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி கூடுதல் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்பதும், நட்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் முதலீட்டாளர்களின் பொதுவான போக்கு என்று 1985-இல் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மேயர் ஸ்டாட்மனும் விளக்கினர். இத்தகைய சாய்வுகளை அறிந்திருப்பதால் மட்டும் அவை நீங்குவதில்லை. மனம் அமைதியாக இருக்கும்போது எழுதிய விதி, அது கலங்கியிருக்கும்போது வழிநடத்த வேண்டும்.

அதற்குரிய கருவி, வாங்கல் குறிப்பு. ஆர்டர் போடுவதற்கு முன், ஒரு பக்கத்துக்கு மிகாமல், தேதியிட்டு எழுதப்படும் இக்குறிப்பில் ஆறு செய்திகள் இருக்க வேண்டும்:

1. நிறுவனம் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பது, அத்துறை சாராதவருக்கும் விளங்கும் நான்கைந்து வாக்கியங்களில்.
2. கணித்த மதிப்பின் வரம்பும், அதற்கு ஆதாரமான ஊகங்களும்.
3. வாங்கும் உச்ச விலையும், விட்டுவைத்த பாதுகாப்பு விளிம்பும்.
4. இந்த முதலீடு தோற்றால் பெரும்பாலும் எந்தக் காரணத்தால் தோற்கும் என்பது.
5. எந்த நிகழ்வு நடந்தால், விலை என்னவாக இருந்தாலும் விற்றுவிட வேண்டும் என்பது.
6. மொத்த முதலீட்டில் இதற்கு ஒதுக்கும் உச்ச அளவு.

இவற்றுள் நான்காவதே கடினமானது, அதனாலேயே பயன் மிக்கது. பங்கை விரும்பத் தொடங்கிய மனம் சாதகமான செய்திகளை மட்டுமே தேடும் என்பதால், எதிர்வாதத்தை எழுத்தில் வைக்குமாறு கட்டாயப்படுத்துவது அந்தத் தேடலைச் சமன்செய்கிறது. குறிப்பை முடித்தபின் இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு மீண்டும் படித்து, அப்போதும் வாதம் நிற்குமானால் வாங்கலாம். பெரும்பாலான டிப்ஸ்களும், ஐபிஓ விளம்பரங்களின் பரபரப்பும் இந்த இரண்டு மூன்று நாளைத் தாண்டி நிற்பதில்லை.

வாங்கிய பங்கின் விலை இறங்கும்போது, சராசரி விலையைக் குறைக்கும் பொருட்டு மேலும் வாங்கும் வழக்கம் சந்தையில் ஆவரேஜ் செய்தல் எனப்படுகிறது. வாங்கல் குறிப்பை எடுத்து, ஊகங்கள் ஒவ்வொன்றும் இன்னும் செல்லுபடியாகின்றனவா என்று புதிய காலாண்டு முடிவுகளோடு சரிபார்த்து, மதிப்பை மறுபடியும் கணித்தபின் மட்டுமே இதைச் செய்யலாம். விலை இறங்கிவிட்டது என்பது வாங்குவதற்கான காரணமாகாது. மதிப்பு இறங்காமல் விலை மட்டும் இறங்கியிருப்பதே காரணமாகும்.

விற்பதற்கான காரணங்கள் மூன்று. விலை, மதிப்பு வரம்பின் மேல் எல்லையைத் தெளிவாகத் தாண்டுவது ஒன்று. குறிப்பின் ஐந்தாம் பகுதியில் எழுதிய நிகழ்வு நடந்துவிடுவது இரண்டு. வரியும் தரகும் போக, ஐயத்துக்கு இடமின்றி மேலான வேறொரு வாய்ப்பு கிடைப்பது மூன்று. வாங்கிய விலைக்குத் திரும்பிவிட்டது என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் எந்த விலைக்கு வாங்கினார் என்பது நிறுவனத்துக்கோ சந்தைக்கோ தெரியாது. அடிக்கடி விற்பதற்கு வரிச் செலவும் உண்டு: 2024 ஜூலை 23 முதல், பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றுப் பெறும் லாபத்துக்கு 20 சதவீதமும், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது.

பணத்தைப் பங்கிடுதல்

சரியான பங்கைத் தவறான அளவில் வாங்குவதும் நட்டத்தில் முடியலாம். தற்காப்பு முதலீட்டாளர் 10 முதல் 30 நிறுவனங்கள் வரை வைத்திருக்கலாம் என்றும், மொத்தச் சேமிப்பில் பங்குகளின் அளவு 25 சதவீதத்துக்குக் குறையாமலும் 75 சதவீதத்துக்கு மிகாமலும் இருந்து, மீதி கடன் பத்திரங்களில் இருக்கட்டும் என்றும் கிரகாம் பரிந்துரைத்தார். இந்தியச் சூழலில் இந்த மீதியை வைப்புநிதி, பி.பி.எஃப்., அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றில் வைக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் கல்விச் செலவு, திருமணச் செலவு, வீட்டுக்கான முன்பணம் ஆகியவை பங்குகளுக்குள் வரவே கூடாது.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவது இம்முறைக்கு அடிப்படையிலேயே முரணானது. மதிப்பை நோக்கி விலை எப்போது திரும்பும் என்பதை எவராலும் சொல்ல இயலாத நிலையில், காத்திருக்கும் ஆற்றலே முதலீட்டாளரின் பலம், கடனோ அதைத்தான் முதலில் பறிக்கிறது. கடனைப் போலவே காத்திருக்க இடம் தராத, எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்ததாகவும், அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலக்கெடு வைத்த ஒப்பந்தத்தில், கணிப்பு சரியாக இருந்தும் நேரம் தவறினால் முழுத்தொகையும் போகக்கூடும்.

ஆண்டறிக்கைகளைப் படிக்கவும் கணக்கைப் பராமரிக்கவும் நேரமோ விருப்பமோ இல்லாதவர்கள், நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் மாதந்தோறும் சேமிப்பதே தகுந்த வழி; அதில் குறைவு ஏதுமில்லை. தனிப் பங்குகளைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர், தம்மிடம் ஏற்கெனவே உள்ள பங்குகள் ஒவ்வொன்றுக்கும் மேற்கண்ட ஆறு செய்திகளைக் கொண்ட குறிப்பை முதலில் எழுத வேண்டும். எந்தப் பங்குக்கு அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லையோ, அந்தப் பங்கை வைத்திருப்பதற்கு அவர்களிடம் காரணம் இல்லை. அதைப் பற்றிய முடிவை எடுத்தபின்பே புதிதாக ஒரு பங்கை வாங்க வேண்டும்.